கட்சி மாறிய பச்சியப்பன்

மைக் இல்லாமலே பாப்பாரப்பட்டி சந்தை முழுக்கக் கேட்கும் குரல் பச்சியப்பனுக்கு. சைக்கிள் கடை வைத்திருந்தார். மற்றபடி கட்சிதான் அவருக்கு எல்லாம். கட்சிக் கொடிகளை டெய்லர் கரீம் தைப்பார். இவர் மரமேறிக் கட்டுவார்.

எண்பத்தாறில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. யூனியன் சேர்மன் சீட்டு தனக்குத்தான் என்று பச்சியப்பன் நம்பியிருந்தார். அதை, நேற்று கட்சிக்கு வந்த ரைஸ்மில் முதலாளிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"இந்த ஒரு தடவை பொறுத்துக்கடா," என்றார் கரீம்.

"பொறுத்துப் பொறுத்துதான் தலை நரைச்சுப் போச்சு."

எதிரணியான ஆளுங்கட்சிக்காரர்கள் சால்வையோடு ஜீப்பில் வந்தார்கள். பச்சியப்பன் ஏறிக்கொண்டார். ஜெயிக்கவும் செய்தார்.

வெற்றிக் கூட்டம் சந்தையிலேயே நடந்தது. புதுத் தலைவர்கள் முன்னால் விசுவாசத்தைக் காட்ட வேண்டியிருந்தது. "இனிமே அந்தக் கொடித் துணியில கரீம் கோவணம்தான் தைக்கணும்!" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எதிரே தையல் கடை வாசலில் கரீம் நின்றிருந்ததை அப்புறம்தான் பார்த்தார். கரீம் உள்ளே போய் விளக்கை அணைத்தார். மறுநாளே போய்ப் பேசியிருக்கலாம். போகவில்லை.

எண்பத்தொன்பதில் ஆட்சி மாறியது. புதுக் கட்சியில் அவரைச் சீந்துவார் இல்லை. பழைய கட்சியில் கேட்டதற்கு, "கரீம் சரின்னு சொன்னா சேத்துக்கறோம்," என்றார்கள்.

கடைக்குள் நுழைந்ததும் கரீம் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "வாங்க சேர்மன், உக்காருங்க."

சின்ன வயதிலிருந்து வாடா போடா என்று பழகிய வாயிலிருந்து அந்த 'வாங்க' வந்ததும் பச்சியப்பன் நாற்காலியில் உட்காராமல் நின்றார்.

"அன்னிக்குப் பேசினது தப்புடா. நாலு திட்டாவது திட்டிடு."

"எதுக்குங்க? கட்சிக்கு ஆள் வேணும். சேத்துக்கச் சொல்லி நானே சொல்லிடறேன்."

சொன்னபடியே சொல்லியும் விட்டார். பச்சியப்பன் மறுபடி சேர்ந்தார். ஆனால் அதன்பிறகு மேடை ஏறவில்லை. கூப்பிட்டாலும் தொண்டை சரியில்லை என்பார். வீட்டில் மனைவி தீர்த்தம்மாளுக்கு அந்தத் தொண்டையின் சங்கதி தெரியும்.

"காலனிக்குக் குழாய்த் தண்ணி உங்க காலத்துலதாங்க வந்துச்சு," என்று யாராவது புகழ்ந்தால் மட்டும் அவசரமாகக் குறுக்கிடுவார்: "அதுக்கு ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சது கரீமுங்க. நான் திறந்து மட்டும்தான் வெச்சேன்."