கருகின மீசை

எங்கள் வீட்டுப் பூனை செத்த மறுநாள், மொபைலில் இருந்த அதன் ஒரே நல்ல படத்தை எடுத்துக்கொண்டு தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து ஸ்டுடியோ ஒன்றுக்குப் போனேன். படத்தில் பூனை மொட்டைமாடிச் சுவரில் உட்கார்ந்திருக்கிறது. பின்னால் கொடியில் என் கட்டம் போட்ட லுங்கி. பூனையை மட்டும் வெட்டி எடுத்து, லுங்கி இருக்கும் இடத்தில் வேறு நிறம் போட்டு, ஃப்ரேம் செய்ய வேண்டும். வேலை அவ்வளவுதான்.

கடையில் பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஆட்கள் காத்திருந்தார்கள். கம்ப்யூட்டரில் இருந்தவர், பூனை யாருடையது என்று சும்மா கேட்டார். ஐம்பது வயது ஆபீசர் பூனைக்கு அழுகிறான் என்று சிரிப்பார்களே என்று வாய் கூசியது. "பக்கத்து வீட்டுது. அவங்க பொண்ணு ஸ்கூலுக்குக் கேட்டா" என்றேன். பொய் தடங்கலில்லாமல் வந்தது. பழக்கம்தான். சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவில் யார் கேட்டாலும், அது ஏதோ வந்து போகிற பூனை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது தூங்குவது என் காலடியில்.

ஸ்கூலுக்குத்தானே என்று அவரும் மளமளவென்று முடித்துவிட்டார். பின்னால், செத்தவர்கள் படத்துக்குப் போடுகிற அதே வெளிர்நீலம். பூனையைச் சுற்றி ஒரே வழவழப்பு. காதோரத்து மயிர், கன்னத்துப் பொசுபொசுப்பு ஒன்றும் இல்லை. திருப்பதிக்குப் போய் மொட்டை அடித்து வந்ததுபோல இருந்தது. சரியில்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. பக்கத்து வீட்டுப் பூனைக்காக யார் சண்டை போடுவார்கள்? நன்றாக இருக்கிறது என்று சொல்லி வாங்கி வந்தேன்.

மனைவி படத்தைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "கருகின மீசை எங்கே?" என்றாள். கேஸ் அடுப்பை மோந்து பார்க்கப் போய் அதன் ஒரு பக்க மீசை சுருண்டுபோயிருந்தது. தெருவில் பத்துப் பூனை நின்றாலும் அதை வைத்துத்தான் எங்களுடையதைக் கண்டுபிடிப்போம். கடையில் சொன்ன பொய்யை அவளிடம் சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை. "உயிரோட இருந்தப்பவும் அதானே சொன்னீங்க" என்று உள்ளே போய்விட்டாள். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

மறுநாள் மறுபடி போனேன். அன்றைக்குக் கூட்டம் அதிகம். குறையட்டும் என்று வெளியே நின்றேன். அப்படி நிற்பதே கேவலமாகப் பட்டு உள்ளே போனேன். "அது எங்க வீட்டுப் பூனைங்க. செத்துப்போச்சு" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. ஒரு அம்மா நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் கொடுத்தார். அது இன்னும் சுட்டது.

முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று குறைபட்டுக்கொண்டே கம்ப்யூட்டரில் இருந்தவர் பழைய படத்தைத் திறந்தார். உடம்பு மயிரை இழை இழையாக நிதானமாக எடுக்கலாமாம். மீசைதான் வம்பு. அதை வெட்டினால் லுங்கியின் கட்டமும் கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது. வேண்டுமானால் மீசையைப் புதிதாக வரைந்து தருவதாகச் சொன்னார். வரைந்தால் அது ஏதோ ஒரு பூனையின் மீசை. வேண்டாம், லுங்கியே இருக்கட்டும், எதையும் வெட்ட வேண்டாம் என்றேன்.

"சரி சார். கீழ பேரு போட்டுடலாம். இன்னா பேரு?"

பேர் வைத்தால் வீட்டுப் பூனை ஆகிவிடும் என்று, மனைவி கேட்டபோதெல்லாம் தடுத்தவன் நான்தான்.

"பேர் வைக்கலை" என்றேன். அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.