சம்பந்தி வீட்டு ஞாயிற்றுக்கிழமை

நான் இத்தாலிய மொழி படிக்க ஆரம்பித்தது அந்த மொழி மேல் உள்ள ஆசையால் அல்ல. சண்டை போடத்தான். பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் ஏறியதும் இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, போனில் வரும் பெண்குரல் சொல்வதைத் திருப்பித் திருப்பிச் சொல்வேன். பையன் ஆப்பிள் சாப்பிடுகிறான். பூனை பால் குடிக்கிறது. பூனை எதையோ குடித்துத் தொலையட்டும், எனக்கு வேண்டியது ஒரே வாக்கியம்: "மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை என் மகளை என் வீட்டுக்கு அனுப்புங்கள்."

மகள் கட்டிக்கொள்ளப் போகிறவன் இத்தாலியக் குடும்பத்துப் பையன். அவன் இங்கேயே பிறந்தவன். அவன் அம்மா கல்யாணமாகி இத்தாலியின் தென்கோடியிலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்தவர். அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு எல்லோரும் மேஜையில் இருந்தாக வேண்டும். பனி, தலைவலி, ஆபீஸ் வேலை, எந்தச் சாக்கும் செல்லாது. காலையிலேயே பாஸ்தாவுக்கான தக்காளிச் சாறு அடுப்பில் ஏறிவிடும். அம்மா அதை சூகோ என்பார், பிள்ளை ஜெர்சிக்காரனாக லட்சணமாகக் கிரேவி என்பான்.

ஞாயிறு தவறாமல் எங்களிடம் வந்துகொண்டிருந்த என் மகள் முதலில் ஒரு ஞாயிறு அங்கே போனாள். அப்புறம் ஒன்று விட்டு ஒன்று. அப்புறம் பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்டில் நானும் என் கணவரும் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிட்டோம்.

"சாட்டர்டே வரேனேம்மா, இட்ஸ் த சேம் திங்" என்றாள்.

சனிக்கிழமை எப்படி ஞாயிற்றுக்கிழமை ஆகும்? சனிக்கிழமை வருகிறவள் கார் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு பேசுகிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நிச்சயதார்த்தம் பற்றிப் பேச நவம்பர் தொடக்கத்தில் எங்களை அழைத்தார்கள். ஞாயிறுதான், வேறென்ன. இந்தியன் கடையில் வெற்றிலை, பாக்கு, பழம், ஸ்வீட் எல்லாம் வாங்கித் தட்டு அடுக்கினேன். பூவுக்கு நல்ல மஞ்சள் செவ்வந்தியாகப் பார்த்து ஒரு பெரிய கொத்து வாங்கினேன். முதன்முதலாகச் சம்பந்தி வீட்டுக்குப் போகிறோம், மங்களகரமாக இருக்க வேண்டாமா?

காரில் என் கணவர் ஆரம்பித்தார். "இங்க பாரு, போனோமா, சாப்பிட்டோமா, வந்தோமான்னு இருக்கணும். நீ பாட்டுக்கு எதையாவது கிளப்பி வைக்காதே."

"நான் என்னத்தைக் கிளப்பறேன்? நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்றேன். வாய்க்குள் என் வாக்கியம் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு படிக்கட்டில் செவ்வந்தித் தொட்டி வைத்திருந்தார்கள். இந்தப் பருவத்தில் ஜெர்சி முழுக்க அப்படித்தான். சம்பந்தியம்மா வீட்டுப் படியில் மட்டும் ஒன்றுமில்லை. வீட்டுக்காரர் போய் இரண்டு வருஷமாகிறது, வாசலைக் கவனிக்க ஆளில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். நாம் கொண்டுவந்தது நல்லதாகப் போயிற்று என்று பெருமை வேறு.

சம்பந்தியம்மா சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தார். தட்டைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பின்னால் நின்ற பிள்ளை தரையைப் பார்த்தான். என் மகள் ஓடி வந்து காதில் கிசுகிசுத்தாள்: "அம்மா! தோஸ் ஆர் ஃப்யூனரல் ஃப்ளவர்ஸ்!"

அவர்கள் ஊரில் செவ்வந்தி செத்தவர்களுக்கு வைக்கிற பூவாம். கல்லறைக்குத்தான் கொண்டு போவார்களாம், வீட்டுக்குள் எடுத்து வரவே மாட்டார்களாம். மாதக்கணக்கில் எனக்குப் பூனையையும் பாலையும் கற்றுக்கொடுத்தவர்கள் இதைச் சொல்லவில்லை. எல்லா ஞாயிறும் அங்கேயே கிடந்த என் மகளும் சொல்லவில்லை. அவமானத்தில் அப்படியே காருக்குத் திரும்பிவிடலாமா என்றிருந்தது.

அவர் பூக்கொத்தை மட்டும் எடுத்துக்கொண்டு தட்டை மகனிடம் கொடுத்தார். கோட்டை மாட்டிக்கொண்டு, "நீ ஓட்டுவாயா?" என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். அவர் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் கிட்டத்தட்ட ஒரே லட்சணம்தான்.

எங்கே என்று எனக்குப் புரிந்துவிட்டது. நிச்சயம் பேச வந்த நாளில் கல்லறையில் கால் வைப்பதா? ஊரில் யாருக்காவது தெரிந்தால் தொலைந்தேன். ஆனால் அவர் வீட்டு வாசலுக்குச் சாவுப் பூவைத் தூக்கிக்கொண்டு வந்தவள் எந்த முகத்தோடு மாட்டேன் என்பது? ஓட்டினேன்.

கல்லில் அவர் கணவரின் போட்டோ பதித்திருந்தது. நல்ல மீசை. சம்பந்தியம்மா பூவை வைத்துவிட்டு, கைக்குட்டையால் போட்டோவைத் துடைத்து, அவரிடம் பேச ஆரம்பித்தார். அது நான் படித்த இத்தாலியம் அல்ல, அவர் ஊர்ப்பேச்சு. செந்தமிழ் மட்டும் படித்தவன் திருநெல்வேலிச் சந்தையில் நின்ற மாதிரி நின்றேன். 'அம்மா' என்ற சொல் மட்டும் பிடிபட்டது. பெண்ணின் அம்மா என்று என்னை அவருக்கு அறிமுகம் செய்கிறார்.

பிள்ளைகள் இல்லாமல் அவரோடு தனியாக நிற்பது இனி எப்போது வாய்க்குமோ தெரியாது. என் வாக்கியத்தைச் சொல்லிவிட்டேன். தடுமாறாமல், முழுதாக.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னார்: "இவர் இருந்தபோது என் மகன் நேரம் கிடைத்தால் வருவான். இவர் போன பிறகுதான் எல்லா வாரமும் வருகிறான். ஒரு வாரம் வராமல் இருந்து பார்த்தால், வராமல் இருக்கலாம் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அதுதான் எனக்குப் பயம்."

அந்தப் பயம் எனக்குத் தெரியாதா? என் வீட்டில் நடந்ததே அதுதான். "ஆமாம்" என்று தமிழில் சொன்னேன். திரும்பி வந்து, மேஜையில் வைத்ததையெல்லாம் சாப்பிட்டோம். நிச்சயத்துக்கு நாள் குறித்தோம். ஞாயிற்றுக்கிழமை பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மகள் போன் செய்தாள். "அம்மா, இந்த சண்டே உங்க வீட்டுக்குப் போங்கன்னு அவங்களே சொல்லிட்டாங்க. வாட் டிட் யூ டூ?"

"நான் ஒண்ணும் பண்ணலையே" என்றேன்.

இரண்டு பேரும் வந்தார்கள். வத்தக்குழம்பு, உருளைக்கிழங்கு ரோஸ்ட், பருப்பு, அப்பளம் என்று சமைத்திருந்தேன். மகள் சாவியை எங்கோ வீசிவிட்டு, சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். இதற்குத்தான் ஏங்கினேன். மணி இரண்டானபோது பையன் போனை எடுத்துப் பார்த்து, மறுபடி பைக்குள் வைத்தான். அவனுக்கு என்ன தோன்றியது என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் அவன் அம்மா அந்த நீள மேஜையில் தனியாக உட்கார்ந்திருப்பார். நாற்பது நிமிஷ டிரைவ்தான். போன் செய்து, நீங்களும் வாங்க என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லும் அளவுக்கு எனக்கு இத்தாலியம் தெரியும்.

சொல்லவில்லை. மகள் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன்.