ஒரு சொட்டும் ஒழுகாத பம்பர்

"ஏ. எல். ஜவாத், சாய்ந்தமருது, ஆழ்கடல் மீனவர், அனுபவம் இருபத்திரண்டு வருடம்" என்கிறது மீனவர் சங்க அட்டை. அதில் பேரும் ஊரும் சரி. ஜவாத் கடலுக்குப் போனது ஒரேயொரு தடவைதான். கரையோரத்து அலையைத் தாண்டுவதற்குள் குடலே வெளியில் வந்துவிடும்போலச் சத்தி எடுத்தவரை, அதே வள்ளத்தில் கொண்டுவந்து கரையில் இறக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து இருபத்திரண்டு வருடமாக, மற்றவர்கள் கடலில் கொண்டுபோய் உடைத்துக்கொண்டு வருகிற பைபர் வள்ளங்களின் ஓட்டைகளைக் கரையில் இருந்தபடி அடைத்துக்கொண்டிருக்கிறார்.

அவரிடம்தான் பஹ்மி தன் காரைக் கொண்டுவந்தான். கத்தாரில் எட்டு வருடம் லொறி ஓட்டியவன், ஊருக்கு வந்து வாங்கியதோ இரண்டே கதவுள்ள, தரையோடு படுத்த, சிவப்புப் பந்தயக் கார். அதன் பம்பரில் கைவைக்க எந்தக் கராஜ்காரரும் சம்மதிக்கவில்லை. உடைந்தால் இன்னொன்று வந்துசேர மூன்று மாதம்.

"காக்கா, போன தரம் மலையில நடந்தது தெரியுந்தானே? ஒரே பனிமூட்டம். இறக்கத்துல பிரேக்கும் பிடிக்கல்ல. தேயிலைக்குள்ள போய்த்தான் நிண்டன். ஞாயித்துக்கிழம திரும்ப அதே இறக்கத்துல கார் ஓட்டப் போட்டி."

"யா அல்லாஹ்! தெரிஞ்சிகொண்டுமா போறீங்க?"

"அதுக்குத்தானே இது."

பெட்டிக்குள் இரண்டு பனி லைட்டும், வாய் பிளந்த மீன்போல இரண்டு கறுப்புச் சாமானும் இருந்தன. டக்ட் என்றான் பஹ்மி. "பம்பர்ல ரெண்டு பக்கமும் இரிக்கிற மூடியக் கழத்திட்டு இதுகளப் பூட்டுங்க. கம்பனிச் சாமான் இல்ல, அளவு கொஞ்சம் பிழைக்கும். இடைவெளிய பைபர் போட்டு நிரப்புங்க. சனிக்கிழம மிச்சச் சாமானோட வாறன்."

பனிமூட்டத்தில் லைட் எதற்கென்பது ஜவாத்துக்கு விளங்கியது. டக்ட் எதற்கென்று அவர் கேட்கவில்லை; பஹ்மியும் சொல்லவில்லை.

பம்பரைக் கழற்றி மரக்குற்றிகளில் வைத்தார். லைட்டுகள் சொன்னபடி கேட்டன. டக்ட் இரண்டும் விரல் அகலத்துக்கு ஆடின. பைபர் வைத்து இறுக்கினார். பிறகு பம்பரைப் புரட்டிப் பார்த்தவருக்குத் திக்கென்றது. ஒவ்வொரு டக்டின் பின்னாலும் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை.

"இவ்வளவு பெரிய ஓட்டையோட பெட்டியில போட்டு அனுப்பிரிக்கானே, மனுசனா இவன்!"

தேத்தண்ணி கொண்டுவந்த மனைவி சித்தி லைலா எட்டிப் பார்த்தாள். "உலகத்துல இரிக்கிற ஓட்டையெல்லாம் நீங்கதான் அடைக்கணுமா?"

"பின்ன? மழத்தண்ணி உள்ள போனா ஆரு பதில் சொல்ற?"

நாலு அடுக்கு பைபர் துணி, இரண்டு பூச்சு ரெசின், பகல் முழுக்க வெயில். மறுநாள், கடைசியாக, எந்த வள்ளத்துக்கும் செய்கிற பரீட்சை: பம்பரின் முகம் மேலே பார்க்க நிறுத்தி, டக்ட் நிறையத் தண்ணீர் ஊற்றினார். லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தார். ஊற்றியது ஊற்றியபடி நின்றது.

சனிக்கிழமை பின்னேரம் பஹ்மி நீளமான இரண்டு குழாய்களோடு வந்தான். ஒரு வள்ளத்துப் பெட்டரியில் தொடுத்ததும் பனி லைட்டுகள் மஞ்சளாய் எரிய, "காக்கா, நீங்க மனுசனே இல்ல!" என்று கட்டிப்பிடித்தான். அந்த உற்சாகத்தில் ஜவாத் வாளியைத் தூக்கி டக்டுக்குள் மறுபடியும் தண்ணீர் ஊற்றினார்.

"இஞ்ச பாருங்க தம்பி. ஒரு சொட்டு போகுதா?"

பஹ்மி குனிந்து பார்த்தான். தண்ணீருக்குள் அவன் முகமே தெரிந்தது. அது வெளிறிக்கொண்டு வந்தது.

"காக்கா… இதுக்குப் பின்னால ஒரு ஓட்ட இரிந்திச்சே?"

"அடைச்சிட்டன். செஞ்சவன் மறந்துட்டான்."

"இன்னாலில்லாஹ்! அது காத்துப் போற ஓட்ட, காக்கா! இந்தக் குழாய அதுலதான் பூட்டுற. அதுக்குள்ளால காத்துப் போய்த்தான் பிரேக் ஆறணும்!"

ஜவாத் மணலில் குந்திவிட்டார். "பனியாலதானே தேயிலைக்குள்ள போனீங்க?"

"பனியில வளைவு தெரியல்ல. நிக்காமப் போனது பிரேக் சூடேறி!"

"இனிப் பயமில்ல," என்றாள் சித்தி லைலா. "கார் கடல்ல விழுந்தாலும் மிதக்கும்."

விடிந்தால் போட்டி. அடைப்பை இழுத்துக் கழற்றினால் பம்பரும் சேர்ந்து பிளக்கும். அவ்வளவு நேர்த்தியாக ஒட்டியிருந்தார். கிரைண்டரை எடுத்தார். அந்த மெசினை அவர் உடைந்ததன் ஓரத்தைச் சீவத்தான் எடுத்திருக்கிறார், நல்லதில் வைத்ததேயில்லை. பஹ்மி மறுபக்கம் திரும்பி நின்றுகொண்டான். "பிஸ்மில்லாஹ்" என்றார் ஜவாத்.

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்வதற்குள், தான் அடைத்த இரண்டு இடங்களையும் அவர் வட்டமாக வெட்டித் திறந்து, குழாய்களைப் பூட்டிக் கொடுத்தார்.