ஹரோல்டின் நகமும் ஆறு சிலிப்பர் பூச்செடிகளும்

ஹரோல்டுக்கு வயது அறுபத்தொன்று. அதில் முப்பத்திரண்டு வருஷம் தேயிலைக்குக் கவாத்து வெட்டியே போனது. இடுப்பளவு நிற்கும் செடியை முழங்கால் உயரத்துக்கு மொட்டையடித்துவிட்டு, அது பிழைக்குமா பிழைக்காதா என்று சொல்கிற வேலை. அதற்கு அவரிடம் இருந்த ஒரே கருவி கட்டைவிரல் நகம். தண்டைக் கீறுவார். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, தெரியாவிட்டால் பிடுங்க வேண்டியதுதான். அவர் செத்துப்போச்சு என்று சொன்ன செடியைத் துரைகூட மறுபடி திரும்பிப் பார்த்ததில்லை. சர்ச்சில் பிரசங்கம் நடக்கும்போதும் அந்த நகம் பெஞ்சைக் கீறிக்கொண்டிருக்கும் என்று மனைவி மேவிஸ் கேலி செய்வாள்.

ஓய்வு பெற்றதும் கியா பார்ம் என்கிற ஊருக்கு மேலே, நல்லுசாமியின் பூப்பண்ணையில் மேற்பார்வைக்குச் சேர்ந்தார். அங்கே செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறவள் வசுமதி. நாற்பது வயசிருக்கும். கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

போன வருஷம் மார்ச்சில், பனி கொட்டுகிற ஏதோ ஒரு வடக்கு நாட்டிலிருந்து நல்லுசாமி முறையாக அனுமதி வாங்கி ஆறு ஆர்க்கிட் செடிகளை வரவழைத்தார். ஹரோல்ட் அப்போது கண் ஆபரேஷனுக்காகக் கீழே ஈப்போ டவுனில் இருந்தார். பெட்டியைப் பிரித்து நட்டது வசுமதிதான். இவர் திரும்பி வந்தபோது ஆறு தொட்டியிலும் பச்சை இலை விரிந்திருந்தது. மே மாதம் பூவும் வந்தது. மஞ்சள் நிறத்தில், குழந்தைச் செருப்பின் முனைபோல ஒரு பை. பண்ணையில் அதற்குச் சிலிப்பர் பூ என்று பெயர் விழுந்தது. இதே சாயலில் ஒரு பூவை நம் காட்டிலும், பாசி படர்ந்த மரங்களுக்கடியில், ஹரோல்ட் பார்த்திருக்கிறார். அது வருஷம் பூராவும் இலையோடு நிற்கும். அதன் சொந்தம்தானே இதுவும் என்று நினைத்துக்கொண்டார்.

அக்டோபரில் இலைகள் பழுக்க ஆரம்பித்தன. ஹரோல்டுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மழை கூடிவிட்டதா, உரம் சுட்டுவிட்டதா, வேரில் பூச்சியா? மருந்து அடித்தார். நிழல்வலையை மாற்றிப் பார்த்தார். தொட்டிகளைக் கிழக்கே வைத்தார், மறுநாளே மேற்கே வைத்தார். போனில் தேடினால் இலையுதிர் காலம், குளிர்காலம் என்று என்னென்னவோ வந்தது. அவருக்குத் தெரிந்த காலம் இரண்டுதான், மழைக்காலம், பெருமழைக்காலம். பன்னிரண்டு மாதமும் தேயிலை துளிர்க்கிற மலையில் ஒரு செடி படுத்துத் தூங்கும் என்று அவருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? நவம்பரில் ஆறு தொட்டியிலும் மண்தான் மிஞ்சியது.

இதற்கு யாராவது ஒருத்தர் பதில் சொல்லியாக வேண்டும் என்று நல்லுசாமி வந்து நின்றார். ஹரோல்ட் ஆறையும் தோண்டி எடுத்து, வேருக்கு மேலே ஒட்டியிருந்த முனையை ஒவ்வொன்றாக நகத்தால் கீறினார். உள்ளே வெளுப்பாக இருந்தது, பச்சை இல்லை.

"செத்துப்போச்சு முதலாளி. தண்ணி கூடிப்போச்சு."

தண்ணீர்க் குழாய் யார் கையில் இருந்தது என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. வசுமதி வாயைத் திறந்தாள்.

"அண்ணே, வரும்போதே இப்படித்தான் வந்துச்சு. இலையே இல்ல, வெறும் வேருதான்."

தப்பிக்கப் பார்க்கிறாள் என்றுதான் ஹரோல்டுக்குத் தோன்றியது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று நல்லுசாமி சொல்லிவிட்டார். போகும்போது அவள் குப்பையில் போட்ட வேர்களை மட்டும் ஒரு பையில் எடுத்துக்கொண்டாள். செத்ததை எடுத்து என்ன செய்யப்போகிறாள் என்று ஹரோல்ட் குழம்பினார், கேட்கவில்லை.

அந்த ஒரு பேச்சு மட்டும் அவரை விடவே இல்லை. இலையில்லாமல் வந்தது எப்படி இலை விட்டது? அவள் பொய் சொன்னாளென்றால், அதைவிட நல்ல பொய் கிடைக்கவில்லையா? மேவிஸிடம் சொன்னால், போய்க் கேட்டால்தான் என்ன என்றாள். கிறிஸ்துமஸ் போனது, பொங்கல் போனது, அவர் போகவில்லை.

ஏப்ரலில் சாணி உரம் ஏற்ற லோரியில் பக்கத்து ஊரான கோலா தெர்லாவுக்குப் போனார். வசுமதி அங்கே ஒரு காய்கறித் தோட்டத்தில் முட்டைக்கோஸ் அடுக்கிக்கொண்டிருந்தாள். கொட்டகை ஓரத்தில் மூன்று பெயிண்ட் டின்கள். மூன்றிலும் பச்சை இலை. ஹரோல்ட் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். தன் கண்ணை நம்புவதா நகத்தை நம்புவதா என்றே தெரியவில்லை.

"எப்படிம்மா?"

"பெட்டி வந்தப்ப ஐஸ் மாதிரி இருந்துச்சுண்ணே. அதான் பாசியில சுத்தி இங்க காய்கறி வெக்கிற கூல் ரூம்ல வெச்சிருந்தேன். போன மாசம் நட்டேன். மூணு அழுகிப்போச்சு, மூணு வந்துருச்சுலா."

நடு டின்னில் இருந்த பெரிய இலையில் மேலிருந்து கீழாக ஒரு கிழிசல். வேர்முனையில் விரியாத குருத்தாக இருந்தபோது பட்ட கீறல், இலையோடு சேர்ந்து வளர்ந்திருந்தது. அது யார் நகம் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்றைக்கே நல்லுசாமியிடம் போய், தப்பு வசுமதியுடையது இல்லை, தன்னுடையது என்று சொன்னார். நன்றாகத் திட்டு விழும் என்று நின்றார். நல்லுசாமி போனிலிருந்து தலையைத் தூக்காமலே, போனது போகட்டும், இப்போது மிஷின்தான் தண்ணீர் விடுகிறது, ஆள் தேவையில்லை என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஹரோல்டுக்கு ஆறியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் மறுபடி கோலா தெர்லாவுக்குப் போனார்.

"நீ சொன்னத நான் கேட்டிருக்கணும்மா. தப்பு என்னோடது. மொதலாளிகிட்டயும் சொல்லிட்டேன்."

வசுமதி தலையை மட்டும் அசைத்தாள். அந்த வேலை திரும்பக் கிடைக்குமா என்று அவள் கேட்கவில்லை, கிடைக்காது என்று இவரும் சொல்லவில்லை. நடு டின்னில் ஒரு மொட்டு எட்டிப் பார்த்தது. ஹரோல்ட் தன்னையறியாமல் குனிந்து கையை நீட்டினார்.

"தொடாதீங்கண்ணே. பாத்துட்டுப் போங்க."

ஹரோல்ட் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு, அங்கேயே நின்று பார்த்தார்.