தொடாமல் பிடித்த தண்டவாளம்

வீட்டில் அவளைத் துருவி என்றுதான் கூப்பிடுவார்கள். எதைக் கையில் கொடுத்தாலும் ஏன், எப்படி என்று துருவித் துருவிக் கேட்டு எதிராளியின் உயிரை எடுப்பாள். அதனால் வந்த பெயர்.

கல்லூரி விடுமுறையில் அவளுக்கு ஓர் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் பயிற்சி கிடைத்தது. கிடைத்தது என்றால் முழுசாக இல்லை. முதல் வாரக் கடைசியில் ஒரு சோதனை செய்து காட்ட வேண்டும். பேராசிரியருக்குத் திருப்தி என்றால் கருவிகளோடு இருக்கலாம். இல்லையென்றால் அடுத்த அறையில் உட்கார்ந்து பழைய படங்களை ஸ்கேன் செய்ய வேண்டியதுதான்.

சோதனை பார்க்கச் சின்னது. நீளமான அலுமினியத் தண்டவாளம், உடம்பெல்லாம் ஊசித் துளை. துளை வழியாகக் காற்று சீறும். அதன்மேல் இரண்டு குட்டி வண்டிகள் மிதந்து ஓடும். மூக்கில் காந்தம் வைத்தால் ஒன்றை ஒன்று தொடாமலே தள்ளிவிடும். தள்ளுவதற்கு முன்னும் பின்னும், எடையும் வேகமும் பெருக்கி வரும் உந்தம், இரண்டு வண்டிக்கும் சேர்த்துப் பார்த்தால் மாறக்கூடாது. அவ்வளவுதான்.

மற்றவர்கள் காந்தத்தை வண்டியின் தலைமேல் டேப் போட்டு ஒட்டுவார்கள், கட்டுப் போட்ட மண்டை மாதிரி இருக்கும். துருவியின் அம்மா தையல்காரி. நூல் வெளியே தெரிந்தால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கிறவள். அந்தக் கைக்குப் பிறந்தவள் டேப்பைச் சகிப்பாளா? காந்தங்களை மூக்குக்கு அடியில், தண்டவாளத்தை உரசாத குறையாக, வெளியே தெரியாமல் பதித்தாள். அழகென்றால் அப்படி ஓர் அழகு.

ஓடவிட்டால் கணக்கு உதைத்தது.

"அக்கா, உந்தம் பாதியக் காணோம்," என்றாள், பக்கத்து மேசையில் இருந்த ஆராய்ச்சி மாணவியிடம்.

"காணோம்னா போலீஸ்லயா போய்ச் சொல்றது? தண்டவாளம் சாஞ்சிருக்கும், பாரு."

"சாஞ்சிருந்தா ஒரு பக்கம் வேகமா போகணும்ல? ரெண்டு பக்கமும் சோம்பேறியா போகுது."

"அப்போ வண்டிக்கு உன் குணம். ஸ்கேனர் மேல தூசி தட்டி வைக்கவா?"

துருவிக்குச் சுருக்கென்றது. வீட்டுக்குப் போயும் அதே நினைப்பு. "கை தட்டுல இருக்கு, மனசு எங்கடி மேயுது?" என்று அம்மா அதட்டினாள். அவள் காதில் விழவே இல்லை.

மறுநாள் காந்தங்களைப் பெயர்த்தெடுத்து வெறும் வண்டியை ஓட்டினாள். வழுக்கிக்கொண்டு போனது. திரும்பப் பதித்தாள். இழுத்துப் பிடித்தது. காந்தத்தைத் தண்டவாளத்தில் வைத்துப் பார்த்தாள், ஒட்டவே இல்லை. ஒட்டாத உலோகம் எப்படிப் பிடித்து நிறுத்தும்?

ஓர் அலுமினியப் பலகையைச் சாய்த்து, காந்தத்தையும் அதே அளவு பித்தளைத் துண்டையும் ஒரே நேரத்தில் வழுக்க விட்டாள். பித்தளை சரேலென்று இறங்கியது. காந்தம் தேனில் கால் வைத்த எறும்பு மாதிரி மெல்ல மெல்ல நகர்ந்தது. துருவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சும்மா இருக்கும் காந்தத்தை அலுமினியம் சட்டை செய்வதில்லை. ஓடுகிற காந்தத்தைத்தான் பிடிக்கிறது. ஓடும் காந்தம் உலோகத்துக்குள்ளே மின்சாரத்தைச் சுழல விடும், அது அந்தக் காந்தத்தையே பின்னுக்கு இழுக்கும் என்று பாடத்தில் படித்தது அப்போதுதான் உறைத்தது.

பேராசிரியர் வந்தார். எண்களைப் பார்த்து முகம் சுளித்தார். "இது தப்பும்மா."

"தப்புதான் சார். காந்தத்தக் கீழ வச்சது நான்தான். மேல மாத்தி இன்னைக்கே எடுத்துத் தரேன். ஆனா காணாமப் போனது எங்க போச்சுன்னு கண்டுபிடிச்சிட்டேன்."

"எங்க?"

"தண்டவாளத்துக்கு. அது மேசையோட முடுக்கியிருக்கு, அதான் நகரல. நகர விட்டா தெரியும்."

ஒரு தொட்டித் தண்ணீரில் லேசான அலுமினியத் தட்டை மிதக்க விட்டாள். காந்தத்தைத் தட்டில் படாமல் அதன் மேலாக வேகமாக ஒரே திசையில் இழுத்தாள். தட்டு அசைந்தது. பின்னாலேயே கிளம்பிப் போய்த் தொட்டியின் ஓரத்தில் முட்டியது.

பேராசிரியர் தொட்டியருகே குனிந்தார். கையை நீட்டி, "குடு," என்றார். காந்தத்தை வாங்கி அந்தப் பக்கம் இழுத்தார், இந்தப் பக்கம் இழுத்தார். சட்டைக் கை நனைந்ததுகூடத் தெரியவில்லை.

"சார், ஸ்கேன் வேலைக்கு இவள அனுப்பணுமா?" என்று கேட்டாள் ஆராய்ச்சி மாணவி.

"அதுக்கு வேற ஆளப் பாரு," என்றார் அவர், தலையைத் தூக்காமல். "ஏம்மா, இதவிடத் தடிமனான தட்டு இருக்கா?"

துருவி அதற்குள் அலமாரியைத் திறந்திருந்தாள்.