மருந்து: இல்லை

மூடி போட்ட பிளாஸ்டிக் குப்பியில் ஆரஞ்சு நிறச் சிறுநீர். தேர்வாய் கண்டிகைத் தொழிற்சாலை ஒன்றின் முதலுதவி அறையில் பதினோரு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். எத்தனையோ குப்பிகள் கைமாறிவிட்டன. அந்த ஒன்று மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை.

கிரேன் ஓட்டுகிறவர்களுக்குத் திடீரென்று போதைப் பரிசோதனை வைப்பார்கள். அன்று வந்தவர் எங்கள் கிரேன்காரர். பத்து டன் இரும்பைப் பச்சைப் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவது போல இறக்குவார், பீடிகூடத் தொடாதவர். படிவத்தில் ‘மருந்து ஏதேனும் சாப்பிடுகிறீர்களா’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தார். பரிசோதனை அட்டையில் கோடு விழுந்தால் ஒன்றுமில்லை, விழாவிட்டால் போதை. அபினுக்கு உரிய இடத்தில் கோடு விழவில்லை. ஆனால் நிறத்தைப் பார்த்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. காசநோய் மாத்திரை சாப்பிட்டால் சிறுநீர் அப்படித்தான் போகும். அதே மாத்திரை சில சமயம் அட்டையையும் ஏமாற்றிவிடும்.

கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். தலை குனிந்தார்.

“மூணு மாசமா சாப்ட்டுக்கினு கீறேன் சிஸ்டர். எழுதிடாதீங்க. டீபின்னு தெரிஞ்சா கேன்டீன்ல ஒருத்தன் பக்கத்துல குந்த மாட்டான். பொண்ணுக்கு வேற மாப்ள பாத்துக்கினு கீறோம்.”

“போதைன்னு போனா வேலையே பூடும்ணா.”

“அதுக்கு நாலு நாள் சிரிப்பானுங்க. இது அப்டியா?”

எரிகிற கொள்ளியில் எது நல்ல கொள்ளி? மூன்று மாதம் மருந்து சாப்பிட்டவரிடமிருந்து நோய் யாருக்கும் ஒட்டாது என்று ஆலை முழுக்கச் சொல்லிப் புரியவைக்க எனக்குத் தெம்பில்லை. உறுதிசெய்யச் சென்னை ஆய்வகத்துக்குப் போகும் இரண்டாவது மாதிரியில் உண்மை வந்துவிடும் என்று, கோடு விழவில்லை என்பதை மட்டும் எழுதிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அவர் கேட்டுக்கொண்டதற்காக என்று சொல்லிக்கொள்கிறேன். பாதி, எனக்கெதற்கு வம்பு என்பதும்தான். அன்றே அவரைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள்.

எட்டாம் நாள் அறிக்கை வந்தது: போதைப்பொருள் எதுவும் இல்லை. ஓட்டமாக எடுத்துப் போனேன். அவரை வேலைக்கு வைத்திருந்த காண்ட்ராக்டர் அதற்குள் வேறு ஆளை கிரேனில் ஏற்றியிருந்தார்.

பல மாதம் கழித்து கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். உடம்பு தேறியிருந்தது. ஏதோ குடோனில் வாட்ச்மேனாம்.

“மாப்ள ஊட்ல கஞ்சா கேஸுன்னு கேள்விப்பட்டு வாணாம்னுட்டாங்க சிஸ்டர்” என்றார். பிறகு அவரே சிரித்தார். “மாத்திர முடிஞ்சிச்சு. இப்ப டெஸ்ட் வெச்சா பச்சத்தண்ணியாட்டம் வரும்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் மேலும் கோபம், என் மேலும் கோபம்.

படிவத்தில் இன்றும் அதே கட்டம். எல்லோரும் ‘இல்லை’ என்றுதான் எழுதுகிறார்கள். குப்பியை வாங்கியதும் முதலில் நிறத்தைப் பார்க்கிறேன். ஆரஞ்சாக இருந்துவிடக் கூடாதே என்றுதான் பார்க்கிறேன். இருந்தால் என்ன செய்வேன் என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை.