மலிவாக ஒரு பட்டறை வைத்த கதை

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு கட்டிங் பிளேர் இருந்ததாம். வெள்ளி மாதிரி மின்னுமாம். கம்பியை வைத்தால் கடிக்குமாம், ஆனால் வெட்டாதாம். அப்புச்சியிடம் கதை கேட்டு வளர்ந்தவன் சாமான் விற்கப் போனால் இப்படித்தான் ஆரம்பிப்பான், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர் எது என்று கேட்க வேண்டாம். உங்கள் வீட்டுப் பரணில் ஒரு மரப்பெட்டி இருக்குமே, அதைத் திறந்து பாருங்கள். நம் எல்லார் வீட்டிலும் அந்த பிளேர் அங்கேதான் படுத்திருக்கிறது.

திருப்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் காதர் பாயின் டூல்ஸ் கடையில் நான் விற்பனை பார்க்கிறேன். எந்தச் சாமானில் மிச்சம் பிடிக்கலாம், எதில் பிடிக்கக் கூடாது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லுவேன். என்ன, என் குரல் கொஞ்சம் சன்னம். எதிரில் நிற்கிறவருக்கே பாதிதான் கேட்கும். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு ரங்கசாமி அண்ணன் பட்டறை வைத்ததைச் சொல்கிறேன்.

நூல் வெட்டிப் பார்ப்பது

ரங்கசாமி அண்ணன் செல்லமுத்து முதலாளியின் பனியன் கம்பெனியில் ஃபிட்டர். துணி பின்னுகிற நிட்டிங் மிஷின் எந்த இடத்தில் முனகுகிறது என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவார். சொந்தமாக ரிப்பேர் பட்டறை வைக்கப் போகிறேன் என்று அவர் சொன்னதும் முதலாளி ஓரமாகக் கிடந்த ஒரு பழைய மிஷினைக் காட்டினாராம். "இதை ஓட்டிக் காட்டு. துணி சுத்தமா வந்துதுன்னா என்ற மிஷின் பூராத்தோட ரிப்பேரும் உனக்குத்தான். கோடு கீடு விழுந்துதுன்னா பேசாம பழையபடி வேலைக்கு வந்து சேந்துக்க." அண்ணன் ஒத்துக்கொண்டு வந்துவிட்டார். கையில் இருந்த பணம் பாதிப் பட்டறைக்குத்தான் காணும். ஆசையோ முழுப் பட்டறைக்கு.

கடைக்கு வந்து அவர் முதலில் எடுத்தது நான் சொன்ன அந்த மின்னுகிற பிளேரைத்தான். பிளேர் வாங்குகிறவர்கள் கம்பியை வெட்டிப் பார்ப்பார்கள். அது வீண் வேலை. கையில் வலு இருந்தால் எந்த பிளேரும் கம்பியை எப்படியாவது கடித்துத் துப்பிவிடும். நம் ஊரில் நூலுக்கா பஞ்சம்? கோனிலிருந்து ஒரே ஒரு இழை பனியன் நூலை இழுத்து வெட்டிப் பாருங்கள். இரண்டு வாயும் நெடுக ஒட்டினால்தான் இழை அறும். மின்னுகிற பிளேர் நூலைச் சப்பிவிட்டு விட்டது. மூலையில் கறுப்பாகக் கிடந்த, அதைவிட விலை குறைந்த பிளேர் 'டக்'கென்று வெட்டியது. நான் வெற்றியோடு அண்ணனைப் பார்த்தேன். அவர் இரண்டு பிளேரையும் பார்த்தார், நூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கறுப்பு பிளேரைப் பையில் போட்டுக்கொண்டே கேட்டார்:

"ஏனுங் தம்பி, நூலு வெட்டறதுக்கு ஊட்டுல கத்திரிக்கோலு இருக்குதுங்களே?"

உறைக்குள் ஸ்பேனர்கள்

அடுத்த முறை வந்தபோது அவர் கண் ஒரு ஸ்பேனர் செட்டின் மேல் விழுந்தது. சிவப்பு ரெக்ஸின் உறை, உள்ளே அளவுவாரியாகப் பாக்கெட், ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பேனர் தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். சுருட்டிக் கட்டினால் கல்யாணத்துக்குக் கொண்டுபோகலாம், அவ்வளவு அழகு.

"அண்ணா, மிஷினிலிருந்து ஒரு நட்டுக் கொண்டு வந்திருக்கீங்களா?" என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். செட்டிலிருந்து ஒவ்வொரு ஸ்பேனராகப் போட்டுப் பார்த்தோம். ஒன்று நுழையவில்லை, அடுத்தது லொடலொடவென்று ஆடியது. சர்க்கார் அங்குலத்தை விட்டுவிட்டு மில்லிமீட்டருக்கு மாறிவிட்டது. செட்டும் மாறிவிட்டது. கடல் தாண்டி வந்த பழைய மிஷின்களுக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை. ஆடுகிற ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் நட்டின் மூலைகள் மழுங்கும். பிறகு உளிதான் கதி. அவர் மிஷினுக்குத் தேவைப்பட்ட அங்குல ஸ்பேனர் நாலைந்துதான். அவற்றை உதிரியாக எடுத்துக் கொடுத்தேன். செட்டு விலையில் கால் பங்குகூட ஆகவில்லை. அண்ணன் போகும்வரை பேசாமல் இருந்த காதர் பாய், கடையில் நின்றிருந்த மற்ற ஆட்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார்:

"நீ மெதுவாப் பேசறது கடைக்கு நல்லது தம்பி. இன்னும் கொஞ்சம் சத்தமாப் பேசியிருந்தா ஒரு செட்டுக்கூட போணியாகாது."

பச்சைப் பெயிண்ட்

இரும்பைக் கடித்துப் பிடிக்கிற வைஸ் ஒன்று வாங்க அண்ணன் மனைவியையும் கூட்டி வந்தார். சரஸ்வதி அக்காவுக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. செக்கிங் மேஜையில் உட்கார்ந்து துணியில் ஓட்டை, கோடு, எண்ணெய்க் கறை பார்க்கிறவர். அன்றைக்குக் கோயமுத்தூரிலிருந்து ஒரு ஏஜென்ட் புது வைஸ் மாதிரிகளோடு வந்து உட்கார்ந்திருந்தார். கிளிப்பச்சைப் பெயிண்ட், தடவிப் பார்த்தால் வழுவழுவென்று இருக்கும். அண்ணன் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வார்ப்பு இரும்புச் சாமானில் பெயிண்ட் எங்கே தடிமனாக இருக்கிறதோ அங்கே சந்தேகப்படுங்கள். நான் ஆணி ஒன்றை எடுத்து, தாடைக்குக் கீழே லேசாகச் சுரண்டினேன். பச்சை போயிற்று. இரும்பு வரவில்லை. சுண்ணாம்பு மாதிரி வெள்ளை வந்தது. வார்க்கும்போது விழுந்த குழியைப் பட்டி மாவு வைத்து அடைத்து மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். இறுக்கிப் பிடித்து ஒரு அடி அடித்தால் தாடை தனியாகக் கையில் வந்துவிடும். ஏஜென்ட், "அதெல்லாம் ஃபினிஷிங்குங்க" என்றார். அன்று சாயங்காலமே அவர்கள் இருவரும் பழைய இரும்புக் கடையில் துருப் பிடித்த கனமான வைஸ் ஒன்றை எடைக்கு வாங்கிப் போய்விட்டார்கள். மண்ணெண்ணெயில் ஊறப் போட்டால் அது இன்னும் இரண்டு தலைமுறைக்கு உழைக்கும். ஆனால் எங்கள் கடையிலிருந்து கிளம்புவதற்கு முன் சரஸ்வதி அக்கா ஏஜென்டிடம் ரொம்ப மரியாதையாகக் கேட்டதைச் சொல்ல வேண்டும்:

"ஃபினிஷிங்குன்னா முகத்துக்குப் பவுடர் போடறதுங்க. பல்லு விழுந்த பொக்கையில மாவு வெச்சு அடைக்கறதுக்குமா அந்தப் பேரு?"

சுவரில் மாட்டுகிற சாமான்

இதுவரை நான் சொன்னதெல்லாம் நடந்தது. திருகாணி முடுக்குகிற திருப்புளியில்தான் தோற்றேன். எல்லாவற்றிலும் மிச்சம் பிடியுங்கள், திருப்புளியில் மட்டும் பிடிக்காதீர்கள் என்று மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். நுனியில் அரத்தை ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினேன். நல்ல எஃகில் அரம் வழுக்கிக்கொண்டு ஓடும். அண்ணன் பிடித்துக்கொண்டிருந்த மலிவுத் திருப்புளியிலோ வெண்ணெய் மாதிரி வழித்தது. அதோடு அதற்கு முலாம் வேறு. முலாம் பூசிய நுனி நாலு திருகாணி கண்டதும் செதில் செதிலாக உரியும். ஊசிகள் ஏறி இறங்குகிற மிஷினில் அந்தச் செதில் எங்கே போய் உட்காரும் என்று யாருக்குத் தெரியும்?

அண்ணன் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. அவர் பார்வை பெரிய சம்மட்டி ஒன்றின் மேல் இருந்தது. நிட்டிங் மிஷினில் சம்மட்டிக்கு வேலையே கிடையாது. மரக்கொட்டாப்புளி போதும், அதைத் தச்சரிடம் சொன்னால் சும்மாவே செதுக்கித் தருவார். அதையும் சொன்னேன். மலிவுத் திருப்புளியையும் விலை கூடிய சம்மட்டியையும் சேர்த்துக் கட்டச் சொல்லிவிட்டு எனக்கு விளக்கினார்:

"திருப்புளி பெட்டிக்குள்ள கெடக்கும், அதை ஆரு பாக்கறாங்க தம்பி? சம்மட்டியச் செவுத்துல மாட்டுனாத்தானுங்க பட்டறைன்னு நாலு பேருக்குத் தெரியும்!"

முதல் துணி

பட்டறை திறக்கிற அன்று காலையில் காதர் பாய் என்னைப் பழத்தட்டோடு அனுப்பினார். "பழத்தோட ஒரு சாமானும் வெச்சுக் குடு, என்னன்னு நீயே பாத்து எடு" என்றார். நான் என்ன எடுத்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். முலாம் இல்லாத, மரப்பிடி போட்ட திருப்புளி.

போனபோது முருகன் படத்துக்கு முன்னால் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. சம்மட்டி சந்தனம் பூசிக்கொண்டு சுவரில் தொங்கியது. அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்த சரஸ்வதி அக்கா பூஜைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். செல்லமுத்து முதலாளி வெள்ளை வேட்டி கசங்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் சாமி கும்பிட்டுவிட்டு, முதலாளி கொடுத்த அந்தப் பழைய மிஷினின் மோட்டாரைப் போட்டார். மிஷின் சீராக ஓடியது. துணி குழாய் மாதிரி கீழே இறங்க ஆரம்பித்தது. முதலாளி முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. துணி முழங்கையளவு இறங்கியிருக்கும்.

"கோடு!"

கத்தியது சரஸ்வதி அக்கா. கம்பெனியில் செக்கிங் மேஜையிலிருந்து அந்தச் சத்தம் வந்தால் கேள்வி கேட்காமல் மிஷினை நிறுத்த வேண்டும். அது வழக்கம். அண்ணன் கை தானாக சுவிட்சை அணைத்துவிட்டது. பிறகுதான் மூன்று பேருக்கும் என்ன நடந்தது என்று உறைத்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். முதலாளி எழுந்து போய்த் துணியை வெளிச்சத்தில் விரித்தார். மேலிருந்து கீழே மயிரிழை மாதிரி ஒரு கோடு.

"ஏப்பா ரங்கசாமி, நானே பாத்திருக்க மாட்டன். உன்ற ஊட்டுக்காரியே காட்டிக் குடுத்துட்டாளே" என்றார்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். கையை நீட்டினார். நான் பழத்தட்டிலிருந்த திருப்புளியை அந்தக் கையில் வைத்தேன். கோடு விழுந்த இடத்துக்கு நேர் மேலே இருந்த திருகாணியைக் கழற்றி, சிக்கியிருந்த ஊசியை உருவினார். ஊசி ஓடுகிற காடிப் பள்ளத்துக்குள் மினுக்கென்று ஒரு செதில். மலிவுத் திருப்புளியின் முலாம். ஊதித் துடைத்து, வேறு ஊசி போட்டு, மறுபடி மோட்டாரைப் போட்டார்.

துணி இறங்கியது. முதலாளி துணியைப் பார்க்கவில்லை. அக்கா முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனும் நானும்கூட அங்கேதான் பார்த்தோம். அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டு, துணியை விரல் விட்டு விரித்துச் சுற்றிச் சுற்றி வந்தார். முன்னைவிட நீளமாக இறங்கிவிட்டது. அவர் வாய் திறக்கவில்லை. கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, "சுத்தமுங்க" என்றார்.

முதலாளி அதற்கு மேல் துணியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "புருசன் தொழில் போகுதுன்னு தெரிஞ்சும் கோடுன்னு கத்துனவ, சுத்தம்ன்னா சுத்தந்தான். அடுத்த மிஷினை நாளைக்கு வண்டியில ஏத்தி உடறேன்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

கார் தெரு திரும்புகிற வரைக்கும் அண்ணன் பொறுத்திருந்தார். "ஏனம்மிணி, ஒரு வார்த்தை எங்காதுல மெதுவாச் சொல்லப்படாதா?" என்றார். அக்கா சாப்பாட்டுத் தூக்குப்போசியைக் கையில் எடுத்துக்கொண்டார். அரைநாள் லீவு முடிகிற நேரம்.

"கோடு உங்களுதா, அடுத்தவிங்களுதான்னு துணியில எழுதியா இருக்குதுங்க?"

சொல்லிவிட்டு அவர் கம்பெனியைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். மலிவாகப் பட்டறை வைக்க நினைக்கிறவர்களுக்கு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: பிளேர், ஸ்பேனர், வைஸ் எல்லாவற்றையும் என்னிடம் கேட்டு வாங்கலாம், சொந்தப் புருசன் என்றும் பார்க்காமல் கத்துகிற ஆளை மட்டும் நீங்களாகத்தான் தேடிக்கொள்ள வேண்டும், அது எங்கள் கடையில் கிடைப்பதில்லை.